கணினியே, கொஞ்சம் பொறு!

(கணித ஆசிரியர்களுக்கான பணியிடைப் பயிற்சி ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மதிய உணவுக்குப் பிறகு இயற்கணிதம் பேசச் சொல்லி என்னை இங்கே நிறுத்தியிருக்கிறார்கள். உங்களுக்குத் தூக்கம் வருவதற்குள் என் சொந்தத் தவறு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அடுத்தவர் செய்த தவறைக் கேட்கும்போது யாருக்கும் தூக்கம் வராது அல்லவா?

ஏழாம் வகுப்பில் ஒத்த உறுப்புகளைக் கூட்டுவதும் கழிப்பதும் நடத்திக்கொண்டிருந்தேன். எல்லாருக்கும் ஒரே பயிற்சித்தாளைக் கொடுத்தால் ஒருவர் எழுதியதைப் பார்த்து இன்னொருவர் எழுதிவிடுகிறார். ஆளுக்கொரு தாள், ஒவ்வொன்றிலும் வேறு வேறு கணக்கு என்று கொடுத்தால் என்ன என்று தோன்றியது. பைத்தான் மொழியில் இயங்கும் சிம்பை என்ற மென்பொருள் இலவசமாகக் கிடைக்கிறது. அது எண்களோடு மட்டும் நிற்காமல் எழுத்துகளையும் வைத்துக் கணக்குப் போடும். இத்தகையவற்றைக் கணினி இயற்கணித மென்பொருள் என்கிறோம். பாடநூலில் மாறியை ஆங்கில எழுத்தால் குறிக்கிறோம். இந்த உரை முழுவதும் அதை 'ம' என்று வைத்துக்கொள்வோம்.

ஒரு சிறிய நிரல் எழுதினேன். 3ம + 4ம − 2ம என்பது போல எண்களை மாற்றி மாற்றிக் கோவைகளை உருவாக்கி, 'சுருக்குக' என்ற சொல்லுக்குப் பக்கத்தில் அச்சிட வேண்டும், அவ்வளவுதான். அவசரத்தில் தாள்களைச் சரியாகப் பார்க்காமலே அச்செடுத்து வகுப்புக்குக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டேன். முதல் பெஞ்சில் இருந்த மாணவி எழுந்து, "சார், கணக்கு கேட்டா விடையைக் குடுத்திருக்கீங்களே!" என்றாள். வாங்கிப் பார்த்தேன். 'சுருக்குக: 5ம' என்று இருந்தது. அடுத்த வரியில் 'சுருக்குக: 9ம'. எல்லாத் தாளும் அப்படித்தான். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்துவிட்டேன்.

நிரலில் பிழை எதுவும் இல்லை. 3ம + 4ம − 2ம என்றுதான் நான் எழுதியிருந்தேன். ஆனால் அதைக் கையில் வாங்கிய நொடியிலேயே மென்பொருள் 5ம ஆக்கிவிட்டது. சுருக்கு என்று நான் சொல்லவில்லை, அதுவும் என்னைக் கேட்கவில்லை. இந்தப் பழக்கத்துக்குத் தானியங்கிச் சுருக்கம் என்று பெயர். அதை எப்போது அனுமதிப்பது, எப்போது நிறுத்துவது என்பதுதான் இன்று நாம் பேசப்போவது.

ஏன் இந்த அவசரம்?

மென்பொருளின் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது. பெரிய கணக்குகளில் ஆயிரக்கணக்கான உறுப்புகள் வரும். வந்த இடத்திலேயே ஒத்த உறுப்புகளைச் சேர்க்காவிட்டால் கோவை ஊதிப் பெருத்து, கணினியின் நினைவகம் நிரம்பிவிடும். ம − ம என்பது பூச்சியம் என்று உடனே தெரியாவிட்டால் அதைக் கொண்டு வகுக்கவும் போய்விடலாம். எனவே கைக்கு வந்த கோவையை முதலில் ஒழுங்குபடுத்திக்கொள்வது கணக்கிடும் இயந்திரத்துக்குத் தேவையான வேலைதான்.

ஆனால் எவ்வளவு ஒழுங்குபடுத்துவது? இந்தக் கேள்வி இத்துறையின் தொடக்கத்திலேயே எழுந்துவிட்டது. அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் 1960-களின் இறுதியில் மேக்சிமா என்று இன்று நாம் பயன்படுத்தும் இலவச மென்பொருளின் முன்னோடியான மேக்சைமாவை உருவாக்கத் தொடங்கினார்கள். அதில் பணியாற்றிய ஜோயல் மோசஸ், கோவையைச் சுருக்குவது பற்றி 1971-இல் ஒரு கட்டுரை எழுதினார். பயனர் கொடுத்த கோவையை எவ்வளவு துணிந்து மாற்றுகின்றன என்பதை அளவுகோலாக வைத்து மென்பொருள்களை வகைப்படுத்தினார். பெயர்களைப் பெரும்பாலும் அரசியலிலிருந்து எடுத்துக்கொண்டார். எதைக் கொடுத்தாலும் தனக்குப் பிடித்த ஒரே வடிவத்துக்கு மாற்றிவிடும் தீவிர வகை ஒரு முனையில் நிற்கிறது. பயனர் சொல்லாமல் எதையும் தொடாத பழமைப் பற்றாளர் வகை மறுமுனையில் நிற்கிறது. இன்றுள்ள மென்பொருள்கள் பெரும்பாலும் இரண்டுக்கும் இடையில் ஏதோ ஓரிடத்தில் இருக்கின்றன.

எல்லாருக்கும் பொருந்தும் ஒரே எளிய வடிவம் என்று ஒன்றைக் கண்டுபிடித்துவிட முடியாதா? முடியாது என்பதற்குக் கணித நிரூபணமே உண்டு. எண்கள், பை, மடக்கை, சைன், அடுக்குச்சார்பு, மட்டு மதிப்பு ஆகியவற்றைச் சேர்த்துக் கட்டும் கோவைகளில், ஒரு கோவை எப்போதும் பூச்சியமா என்று எல்லா நேரத்திலும் சரியாகச் சொல்லும் செய்முறை இருக்க முடியாது என்று ரிச்சர்ட்சன் 1968-இல் நிறுவினார். பூச்சியமா இல்லையா என்பதற்கே பொது வழி இல்லாதபோது, 'மிக எளிய வடிவம்' என்பதற்கு எங்கே போவது?

இவ்வளவு தூரம் போக வேண்டியதும் இல்லை. ம-வின் 100-ஆம் அடுக்கிலிருந்து 1-ஐக் கழித்து, ம − 1 ஆல் வகுக்கும் கோவையை எடுத்துக்கொள்ளுங்கள். பின்ன வடிவில் அது ஒரு வரிக்குள் அடங்கிவிடும். வகுத்து எழுதினால் பின்னம் போய்விடும், ஆனால் 100 உறுப்புகள் வரும். இவற்றில் எது எளியது? எதற்காகக் கேட்கிறோம் என்பதைப் பொறுத்தது, அல்லவா?

நிகழ்தகவுப் பாடத்திலும் இதைப் பார்க்கிறோம். இரண்டு பகடைகளை உருட்டும்போது கூடுதல் 7 வரும் நிகழ்தகவு 6/36. கூடுதல் 8 வர 5/36. பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடும்போது 6/36 என்று எழுதுவதுதான் குழந்தைக்கு விளங்கும். அதை 1/6 என்று சுருக்கிவிட்டால் 36 விளைவுகளில் 6 என்ற கதை காணாமல் போய்விடும்.

ஐந்து கேள்விகள் கேட்டுப் பாருங்கள்

புதிதாக வகுப்புக்கு வந்த மாணவரின் இயல்பை இரண்டு மூன்று கேள்விகளிலேயே கண்டுபிடித்துவிடுவோம். மென்பொருளையும் அப்படியே சோதிக்கலாம். நான் ஐந்து உள்ளீடுகளை வைத்திருக்கிறேன்.

முதலாவது 4/8. சிம்பையில் விகிதமுறு எண்ணாகக் கொடுத்தாலும், மேக்சிமாவில் நேரடியாகக் கொடுத்தாலும் 1/2 என்றுதான் வரும். ஆறாம் வகுப்பில் சமான பின்னங்கள் நடத்தும்போது 2/4, 3/6, 4/8 என்று வரிசையாகத் திரையில் காட்ட நினைத்தால் எல்லாம் 1/2 ஆகவே தெரியும். நாம் காட்ட வேண்டியதையே அது மறைத்துவிடும்.

இரண்டாவது ம + ம. இரண்டு மென்பொருள்களும் 2ம என்றே தரும்.

மூன்றாவது 2(ம + 3). இங்கே இரண்டும் பிரிகின்றன. சிம்பை இதைத் தானாகவே 2ம + 6 என்று பங்கிட்டுவிடும். மேக்சிமா அப்படியே விட்டுவைக்கும். இன்னொரு வேடிக்கை, வெளியே எண்ணுக்குப் பதில் மாறி இருந்தால், அதாவது ம(ம + 3) என்று கொடுத்தால், சிம்பையும் தொடாது. பங்கீட்டுப் பண்பை நடத்தும் ஆசிரியர் இது தெரியாமல் திரையின் முன் நின்றால், 'ஒரு கணக்கில் மட்டும் ஏன் அடைப்புக்குறி போய்விட்டது?' என்ற கேள்விக்கு விழிக்க வேண்டியதுதான்.

நான்காவது √(ம²). பல மாணவர்கள் 'ம' என்று எழுதுவார்கள். சில நேரம் நாமும் கவனிக்காமல் விட்டுவிடுகிறோம். ம-வின் மதிப்பு −5 என்றால் ம² என்பது 25, அதன் வர்க்கமூலம் 5. ஆகவே 'ம' என்பது தவறான விடை. இங்கே மென்பொருள் நம்மைவிடக் கவனமாக இருக்கிறது. மேக்சிமா மட்டு மதிப்புக் குறியோடு |ம| என்று தருகிறது. சிம்பை √(ம²) என்று அப்படியே வைத்திருக்கிறது. ம மிகை எண் என்று முன்கூட்டியே சொன்னால் 'ம' என்று மாற்றும்.

ஐந்தாவது ம/ம. இங்கே அந்தக் கவனம் காணவில்லை. இரண்டுமே சட்டென்று 1 என்று சொல்லிவிடும். ம பூச்சியமாக இருந்தால் என்ன ஆகும் என்ற கேள்வி எழுவதே இல்லை.

பத்தாம் வகுப்பு ஆசிரியர்கள் இந்த இடத்தில் நிமிர்ந்து உட்கார வேண்டும். விகிதமுறு கோவைகளில் விலக்கப்பட்ட மதிப்பு நடத்துகிறீர்கள். (ம² − 9)/(ம − 3) என்ற கோவையைச் சிம்பை தானாகச் சுருக்காது. அதில் ம = 3 என்று பிரதியிட்டால், வரையறுக்க இயலாதது என்ற பொருளில் விடை தரும். முதலில் பொதுக்காரணியை நீக்கச் சொல்லி, ம + 3 ஆன பிறகு அதே 3-ஐப் பிரதியிட்டால் 6 என்று தரும். ஒரே கோவை, ஒரே மதிப்பு, ஆனால் எந்த வரிசையில் செய்தோம் என்பதைப் பொறுத்து விடை மாறிவிட்டது. சுருக்கும்போது 'ம ≠ 3' என்ற நிபந்தனை வழியில் விழுந்துவிட்டது. அதை எடுத்து வைத்துக்கொள்ள மென்பொருளுக்குத் தெரியாது. ஆசிரியர்தான் எடுத்து வைக்க வேண்டும்.

கையில் மூன்று வழிகள்

மென்பொருளைக் கட்டுப்படுத்த மூன்று வழிகள் உண்டு.

முதல் வழி, 'செய்யாதே' என்று சொல்வது. உயர் தொழில்நுட்ப ஆய்வகத்தில் ஜியோஜீப்ரா வைத்திருப்பவர்களுக்கு இது மிக எளிது. அதன் இயற்கணிதக் கணிப்பான் பகுதியில் சமக்குறி உள்ள பொத்தானை அழுத்தினால் சுருக்கித் தரும். பக்கத்தில் சரிக்குறி உள்ள பொத்தான் ஒன்று இருக்கிறது. அதைத் தேர்ந்தெடுத்தால் நாம் உள்ளிட்டதை அப்படியே வைத்துக்கொள்ளும். மேக்சிமாவில் 'சிம்ப்' என்ற அமைப்பைப் பொய் என்று மாற்றினால் 1 + 1 கூட 1 + 1 ஆகவே நிற்கும். அங்கே ஒரு பொறி உண்டு. கோவைக்கு முன்னால் ஒற்றை மேற்கோள் குறி போட்டால் மதிப்பிடுவதைத்தான் நிறுத்தும், சுருக்குவதை நிறுத்தாது. மேற்கோள் போட்டும் 2 + 3 என்பது 5 ஆகிவிடும். சிம்பையில் கோவையை உருவாக்கும்போதே 'எவாலுவேட்' என்பதைப் பொய் என்று கொடுக்க வேண்டும். ஆனால் அப்படி நிறுத்திவைத்த கோவையோடு பிறகு வேறொன்றைக் கூட்டினாலோ பெருக்கினாலோ பழைய பழக்கம் திரும்பிவிடலாம்.

என் பயிற்சித்தாள் பிரச்சினைக்கு நான் கண்ட தீர்வு இதைவிட எளிமையானது. வினாவை வெறும் எழுத்துச் சரமாகவே வைத்துக்கொண்டு அப்படியே அச்சிட்டேன். விடைக்குறிப்பை மட்டும் மென்பொருளிடம் கேட்டு வாங்கினேன். வினா என் பொறுப்பு, விடை அதன் பொறுப்பு. இன்றுவரை இந்த ஏற்பாடு சிக்கலில்லாமல் ஓடுகிறது.

இரண்டாம் வழி, 'இதை மட்டும் செய்' என்று சொல்வது. 'சுருக்கு' என்ற பொதுக் கட்டளையை நம்ப வேண்டாம். சிம்பையின் அந்தக் கட்டளை பல வழிகளை முயன்று பார்த்து, தனக்கு எளிது என்று தோன்றுவதைத் தரும். ம² + 2ம + 1 என்று கொடுத்தால் (ம + 1)² ஆகும் என்று எதிர்பார்ப்போம். அது மாற்றாமல் திருப்பித் தரும். காரணிப்படுத்த வேண்டுமானால் 'ஃபேக்டர்', விரிக்க வேண்டுமானால் 'எக்ஸ்பேண்ட்', பொதுக்காரணியை நீக்க வேண்டுமானால் 'கேன்சல்' என்று பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். கரும்பலகையில் ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் 'பங்கீட்டுப் பண்பின்படி', 'ஒத்த உறுப்புகளைச் சேர்க்க' என்று காரணம் எழுதச் சொல்கிறோமே, அதே ஒழுங்குதான்.

மூன்றாம் வழி, 'எந்த நிபந்தனையில்' என்று சொல்வது. ம மிகை எண்ணா, முழு எண்ணா, மெய்யெண்ணா என்று முதலிலேயே அறிவித்தால் மென்பொருள் அதற்கேற்பச் சுருக்கும். நாம் மனத்துக்குள் வைத்துக்கொண்டு வாய்விட்டுச் சொல்லாமல் விடும் நிபந்தனைகளை எழுத வைப்பதற்கு இது நல்ல பயிற்சி.

மதிப்பெண் போடும்போது

இதுவரை சொன்னதெல்லாம் சிரித்துவிட்டுப் போகக்கூடிய விஷயங்கள். இனிச் சொல்வது அப்படியல்ல.

பயிற்சித்தாள் வெற்றி தந்த தைரியத்தில், கணினியே திருத்தும் சிறுதேர்வு ஒன்றை ஒன்பதாம் வகுப்புக்கு அமைத்தேன். ம² + 5ம + 6-ஐக் காரணிப்படுத்த வேண்டும். விடைக்குறிப்பில் (ம + 2)(ம + 3) என்று வைத்திருந்தேன். மாணவர் எழுதியதும் விடைக்குறிப்பும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கின்றனவா என்று நிரல் பார்க்கும். ஒரு மாணவி (ம + 3)(ம + 2) என்று எழுதியிருந்தாள். கணினி பூச்சியம் கொடுத்தது.

மாலையில் அவள் நோட்டைக் கொண்டுவந்து காட்டினாள். சரியாகப் போட்டிருந்த கணக்கை அழித்துவிட்டு, பக்கத்தில் வேறு ஏதோ முயன்றிருந்தாள். "கம்ப்யூட்டர் தப்புன்னு சொல்லுச்சு சார், எங்க தப்புன்னு தெரியலை" என்றாள். பெருக்கலில் வரிசை மாறினால் விடை மாறாது என்று அவளுக்கு நன்றாகத் தெரியும், நான்தான் கற்பித்தேன். ஆனாலும் தனக்குத் தெரிந்ததைவிடத் திரை சொன்னதை அவள் நம்பினாள். அழிப்பான் தேய்த்த அந்தப் பக்கம் எனக்கு இன்னும் மறக்கவில்லை.

அன்று இரவே நிரலை மாற்றினேன். மாணவரின் விடையிலிருந்து விடைக்குறிப்பைக் கழித்துச் சுருக்கு, பூச்சியம் வந்தால் சரி என்று எழுதினேன். அடுத்த தேர்வில் ஒரு மாணவன் முழு மதிப்பெண் வாங்கினான். அவன் எழுதியிருந்தது என்ன தெரியுமா? ம² + 5ம + 6. வினாவையே விடையாக எழுதிவிட்டான்! கழித்தால் பூச்சியம்தான். கணினி பாராட்டியே விட்டது. முதல் முறை சுருக்காததால் சரியான விடையைத் தவறு என்றேன். இரண்டாம் முறை எல்லாவற்றையும் சுருக்கியதால், செய்யாத வேலைக்கு மதிப்பெண் கொடுத்தேன்.

இந்தச் சிக்கலை முறையாகத் தீர்த்தவர்கள் இருக்கிறார்கள். பிரிட்டனில் பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் கிறிஸ் சாங்வின் தொடங்கிய ஸ்டாக் என்ற இணையத் தேர்வு அமைப்பு மேக்சிமாவைப் பயன்படுத்துகிறது. தானியங்கிச் சுருக்கத்தை நிறுத்தி வைக்கும் வசதி அதில் இருக்கிறது. அதனால் மாணவர் எழுதிய வடிவம் கெடாமல் இருக்கும். பிறகு ஆசிரியர் தேவையான சோதனைகளைத் தனித்தனியே அமைக்கிறார். மதிப்பு சரியா என்பது ஒரு சோதனை. கேட்ட வடிவத்தில் இருக்கிறதா, காரணிகளாக இருக்கிறதா, பின்னம் எளிய வடிவில் இருக்கிறதா என்பது இன்னொரு சோதனை. ஒவ்வொன்றுக்கும் தனி மதிப்பெண்ணும் தனிக் குறிப்பும் தரலாம். 'உன் விடை சமமானதுதான், ஆனால் இன்னும் காரணிப்படுத்தவில்லை' என்று அது மாணவரிடம் சொல்லும்.

நானும் என் நிரலில் இந்த இரண்டு கேள்விகளையும் தனித்தனியாக வைத்தேன். அதற்குப் பிறகுதான் ஒரு உண்மை உறைத்தது. சிவப்புப் பேனாவைப் பிடித்திருக்கும்போது நானும் இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டுதான் இருந்தேன். 1/2-க்குப் பதில் 4/8 என்று எழுதிய குழந்தைக்குக் குறுக்குக்கோடு போட்டிருக்கிறேன். அந்தக் குழந்தை தவறு செய்யவில்லை, வேலையை முடிக்கவில்லை, அவ்வளவுதான். இரண்டுக்கும் ஒரே குறி போட்டால், எதைத் திருத்த வேண்டும் என்று அந்தக் குழந்தைக்கு எப்படித் தெரியும்?

தொடக்கப்பள்ளி ஆசிரியர்களுக்கு இயற்கணித மென்பொருள் எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். மென்பொருள் தேவையில்லாமலும் இருக்கலாம், இந்தக் கேள்வி உங்களுக்கும் வேண்டும். 7 + 5-ஐ 7 + 3 + 2 என்று பிரித்து எழுதும் மூன்றாம் வகுப்புக் குழந்தை, விடையை நோக்கிப் போகாமல் நீட்டிக்கொண்டு போவது போல் தெரியும். பத்தை உருவாக்குவதற்காகத்தான் அது பிரிக்கிறது. உடனே '12 என்று எழுது' என்று அவசரப்படுத்தினால், நாமும் அந்தத் தானியங்கி மென்பொருள் போலத்தான் நடந்துகொள்கிறோம்.

எனவே நாளை பள்ளிக்குப் போனதும் ஒன்று செய்து பாருங்கள். உங்களிடம் உள்ள மென்பொருளில் நான் சொன்ன ஐந்து உள்ளீடுகளையும் கொடுத்து, வந்த விடைகளை ஒரு தாளில் எழுதி ஆய்வகச் சுவரில் ஒட்டிவையுங்கள். மேல்வகுப்பு மாணவர்களிடம் காட்டி, 'இது சொன்னது எப்போதும் சரியா?' என்று கேளுங்கள். ம/ம = 1 என்பதைப் பார்த்து, 'ம பூச்சியம்னா என்ன சார்?' என்று ஒரு பிள்ளை கேட்டால் உங்கள் பாடம் வெற்றி. அந்தப் பிள்ளை நாளை திரை 'தவறு' என்று காட்டியதற்காகத் தன் சரியான விடையை அழிக்காது.

பயிற்சித்தாளைப் பார்த்துச் சிரித்த வகுப்புக்கும், நோட்டைக் கொண்டுவந்து காட்டிய அந்த மாணவிக்கும் நான் நன்றி சொல்ல வேண்டும்.